பிக்கப் வண்டிகளில் மோதல் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னால் கேபினும் பின்னால் திறந்த தொட்டியும் உள்ள வண்டிகளையே இங்கே பிக்கப் என்கிறோம். அமெரிக்கச் சாலைகளை நிறைத்திருக்கும் ஃபோர்டு எஃப்-150, இலங்கையில் ‘டபுள் கேப்’ என்று பெயர் பெற்ற ஹைலக்ஸ், நம்மூர்ச் சந்தைக்குத் தக்காளிக் கூடைகளை ஏற்றிவரும் பொலேரோ பிக்கப் ஆகிய எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். மோதலின்போது உள்ளே இருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பது மட்டுமே இங்கே பேசப்படுகிறது. மைலேஜ், விலை, இழுவைத் திறன் ஆகியவற்றுக்கு வேறு இடங்கள் உண்டு.

பிக்கப் கனமான வண்டி. மோதினால் உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம்தானே?

பாதி உண்மை. ஒரு கனமான வண்டியும் ஒரு இலேசான வண்டியும் நேருக்கு நேர் மோதும்போது, கனமானதன் வேகம் குறைவாகவே மாறும். அடியின் பெரும்பகுதி இலேசானதைச் சேரும். ஆனால் புளியமரத்திலோ, பாலத்துச் சுவரிலோ, நின்றிருக்கும் டிப்பர் லாரியின் பின்புறத்திலோ மோதும்போது இந்தக் கணக்கு உதவாது. அங்கே வண்டியின் எடை முழுவதும் அதற்கே எதிரியாகிறது. அத்தனை ஆற்றலையும் வண்டியின் சொந்த முன்பகுதியே நசுங்கி விழுங்கியாக வேண்டும்.

இதற்கு நல்ல சான்று 2001-இல் கிடைத்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் அந்த ஆண்டில் பெரிய பிக்கப்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படுமாறு மோதவிட்டது. அந்நாட்டில் மிக அதிகமாக விற்கும் எஃப்-150 நான்கு தரங்களில் கடைசித் தரத்தையே பெற்றது; அதன் கேபின் உருக்குலைந்தது. அதே வகுப்பைச் சேர்ந்த டொயோட்டா டன்ட்ரா முதல் தரம் பெற்றது. 2004-ஆம் ஆண்டு மாடலுக்காக அடியிலிருந்து புதிதாக வடிவமைக்கப்பட்ட எஃப்-150 அதே சோதனையில் முதல் தரத்துக்கு ஏறியது. வகுப்பும் அதே, பெயரும் அதே என்றிருக்க, மாறியது கட்டுமானம் ஒன்றுதான்.

கட்டுமானம் என்றால் எதைப் பார்க்க வேண்டும்? இரும்பு தடிமனாக இருந்தால் போதாதா?

போதாது என்பதோடு, தடிமனான இரும்பைத் தவறான இடத்தில் வைத்தால் அதுவே கெடுதலாகவும் முடியும். வண்டியின் முன்பகுதி நசுங்க வேண்டும், கேபின் நசுங்கக் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் உள்ளே இருப்பவர் பிழைப்பார். முன்பகுதி நசுங்கும் ஒவ்வோர் அங்குலமும் உடலின் வேகம் மெதுவாகக் குறைவதற்குக் கிடைக்கும் அவகாசம். மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளிருப்பவர் மீது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 16 மடங்கு விசை விழும். 30 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டால் அது இரட்டிப்பாகும். “வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆள்தான் போய்விட்டார்” என்று விபத்து நடந்த இடத்தில் வியப்போடு சொல்வதைக் கேட்டிருப்போம். அதில் வியக்க எதுவுமில்லை. வண்டி வாங்க மறுத்த அடியை ஆள் வாங்கியிருக்கிறார்.

பெரும்பாலான பிக்கப்கள் லேடர் சேசிஸின் மேல் கேபினைத் தனியாக உட்கார வைத்துச் செய்யப்படுபவை. ஏணி போன்ற அந்தச் சேசிஸ் லோடு தாங்குவதற்காக விறைப்பாக இருக்கும். அதன் முனைகளை எங்கே, எந்த வரிசையில் மடங்கச் செய்வது என்பதைத் தனியாக வடிவமைத்தாக வேண்டும். ஹோண்டா ரிட்ஜ்லைன் போன்ற சிலவே காரைப் போல உடலும் சேசிஸும் ஒன்றாகவே இணைந்த அமைப்பைக் கொண்டவை. லேடர் சேசிஸ் என்றாலே ஆபத்து என்பதில்லை. நன்றாகச் செய்த லேடர் சேசிஸ் வண்டிகள் முதல் தரம் வாங்கியிருக்கின்றன. விளம்பரத்தில் ‘உறுதியான சேசிஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அதைப் பாதுகாப்புக்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் செய்தி.

இரண்டு ஏர்பேக் இருக்கிறது என்று விற்பனையாளர் சொல்கிறார். அது போதுமா?

தென்னாப்பிரிக்காவில் ‘பக்கி’ என்று செல்லமாக அழைக்கப்படும் பிக்கப்களில் ஒன்றான நிசான் என்பி300 ஹார்ட்பாடியை, வண்டிகளை மோதவிட்டு ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பு 2018-இல் சோதித்தது. இரண்டு ஏர்பேக்குகள் இருந்தும் பெரியவர் பாதுகாப்பில் அதற்குக் கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம். ஏர்பேக் விரியாததால் அல்ல, கேபின் நிலைகுலைந்ததால். ஏர்பேக் ஒரு தலையணை மாதிரி. அதன் பின்னால் இருக்கும் ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் இருந்த இடத்திலேயே நின்றால்தான் அது வேலை செய்யும்.

2020-இல் அதே அமைப்பு இன்னும் கூர்மையான ஒரு சோதனையைச் செய்து காட்டியது. ஆப்பிரிக்காவில் விற்ற 2019-ஆம் ஆண்டின் புத்தம்புது ஹார்ட்பாடியையும், ஐரோப்பாவில் ஓடிப் பழசான 2015-ஆம் ஆண்டின் நவாரா பிக்கப்பையும் நேருக்கு நேர் மோதவிட்டது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள். பழைய வண்டியின் ஓட்டுநர் நடந்தே வெளியேறக்கூடிய நிலையில் இருந்திருப்பார், புதிய வண்டியின் ஓட்டுநர் பெரும்பாலும் உயிரிழந்திருப்பார் என்பதே முடிவு. வண்டி புதியதா, பழையதா என்பதைவிட எந்தச் சந்தையின் சட்டத்துக்காக அது செய்யப்பட்டது என்பதே அங்கே உயிரைத் தீர்மானித்தது.

ஒரு மாடலுக்கு நல்ல மதிப்பீடு கிடைத்திருந்தால், அதன் எல்லா வகைகளுக்கும் அது பொருந்தும்தானே?

நான் அடிக்கடி எதிர்கொள்ளும் தவறான எண்ணம் இது. பிக்கப்களைப் பொறுத்தவரை மிக ஆபத்தானதும் இதுவே. ஒரே பெயரில் சிங்கிள் கேபின், நீட்டிய கேபின், நான்கு கதவு கேபின் என்று மூன்று உடல்கள் விற்கப்படும். சோதனைக்குப் போவது பெரும்பாலும் அதிகம் விற்கும் ஒன்றுதான்.

அலுமினிய உடலோடு வந்த 2015-ஆம் ஆண்டு எஃப்-150 இதை அம்பலப்படுத்தியது. மேலே சொன்ன காப்பீட்டுக் கழகம் 2012 முதல் நடத்திவரும் ‘சிறு பரப்பு’ மோதல் சோதனையில், முகப்பின் ஓரத்து 25 சதவீதம் மட்டும் விறைப்பான தடுப்பில் படும். ஓரமாக ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ உரசி மோதுவதன் நகல் இது. சேசிஸின் நீள உத்திரங்களைத் தாண்டி அடி சக்கரத்தின் மேல் விழுவதால் வண்டிக்கு மிகக் கடினமான தேர்வு. நான்கு கதவு எஃப்-150 இதில் முதல் தரம் பெற்றது. நீட்டிய கேபின் கொண்ட அதே எஃப்-150-க்குக் கிடைத்ததோ மூன்றாம் தரம். அதில் ஓட்டுநரின் காலடித் தகடும் பிரேக் மிதியும் 25 முதல் 33 சென்டிமீட்டர் வரை உள்ளே தள்ளப்பட்டன. டேஷ்போர்டு சோதனைப் பொம்மையின் கீழ்க்கால்களை இறுக்கிப் பிடித்தது. ஸ்டீயரிங் தண்டு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் பின்னோக்கி மார்பருகே வந்தது. தலை ஏர்பேக்கைத் தொட்டும் தொடாமலும் இடப்பக்கம் வழுக்கிப்போய் டேஷ்போர்டில் இடித்தது. காரணம் எளியது. சக்கரம் கேபினுக்குள் புகாமல் தடுக்கும் கூடுதல் இரும்புத் துண்டுகளை நிறுவனம் நான்கு கதவு வண்டியில் மட்டும் பொருத்தியிருந்தது. இந்த முடிவு வெளியான பிறகே 2016-ஆம் ஆண்டு மாடலில் எல்லாக் கேபின்களுக்கும் அவை வந்தன.

எனவே நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன், சோதிக்கப்பட்டது எந்தக் கேபின், எந்தத் தலைமுறை, எந்த நாட்டு வண்டி என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் 2020-இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற இசுசு டி-மேக்ஸ் மூன்றாம் தலைமுறை வண்டி. 2021-இல் பிஎஸ்-6 எஞ்சினோடு இந்தியாவில் விற்பனைக்கு வந்த டி-மேக்ஸ் வி-கிராஸ் அதற்கு முந்தைய தலைமுறை. பெயரொற்றுமையை வைத்து நட்சத்திரத்தைக் கடன் வாங்க முடியாது.

இந்தியாவில் விற்கும் பிக்கப்களுக்குப் பாரத் என்கேப் நட்சத்திரம் உண்டா?

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பாரத் என்கேப் என்ற இந்திய மோதல் சோதனைத் திட்டம், 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் வாகனங்களுக்கானது. அதிலும் நிறுவனங்கள் தாமாக முன்வந்தே வண்டியைத் தர வேண்டும். சரக்கு வாகனமாகப் பதிவாகும் பிக்கப்கள் இதன் எல்லைக்குள் வருவதில்லை. இரண்டு முன் ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கிய விதியும் பயணிகள் வாகனங்களுக்கானதே. ஒரு நாளின் பத்து மணி நேரத்தைக் கேபினில் கழிக்கிற ஓட்டுநருக்கு, வாரம் ஒருமுறை காரை எடுப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்புகூடச் சட்டப்படி உறுதியில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குட்டி யானை போன்ற சிறு லோடு வண்டிகளின் நிலை என்ன?

2005-இல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து இந்த வகைக்கு நம் மக்கள் வைத்த பெயர் குட்டி யானை. தொட்டியின் நீளத்துக்காகக் கேபினை முடிந்தவரை முன்னே தள்ளியிருப்பதால், ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வருகிற வண்டிக்கும் இடையில் ஒரு சாண், இரண்டு சாண் அளவுக்குமேல் இடமில்லை. நசுங்குவதற்கென்று இருக்க வேண்டிய பகுதியில் கால்கள் இருக்கின்றன. நீண்ட மூக்குள்ள பிக்கப்போடு இதை ஒப்பிடவே முடியாது. ஊருக்குள் கடைகளுக்குச் சரக்கு எடுக்கப் பொருத்தமான வண்டி. நான்குவழிச் சாலையில் இரவில் 80-இல் ஓட்டுவதற்கு ஏற்றதல்ல.

டபுள் கேபின் வாங்கினால் பின் இருக்கையில் குடும்பத்தை ஏற்றலாம்தானே?

ஏற்றலாம், ஆனால் முன் இருக்கைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பின்னால் கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அமெரிக்கக் காப்பீட்டுக் கழகம் 2022-இல் தன் பழைய முன்மோதல் சோதனையைத் திருத்தி, ஓட்டுநருக்குப் பின்னால் சிறிய உடலமைப்புள்ள பெண்ணின் அளவில், அதாவது ஏறத்தாழ 12 வயதுப் பிள்ளையின் அளவில், இன்னொரு பொம்மையை உட்கார வைத்தது. 2023-இல் இப்படிச் சோதிக்கப்பட்ட பிக்கப்களில், சிறியவையோ பெரியவையோ, ஒன்றுகூட முதல் தரத்தைப் பெறவில்லை. முன் இருக்கை பெல்ட்டில் மோதிய கணமே நாடாவைச் சுண்டி இழுக்கும் கருவியும், பிறகு மார்பு நொறுங்காமல் சற்றே தளர்த்திக்கொடுக்கும் அமைப்பும் இருக்கும். பின் இருக்கையில் பல வண்டிகளில் இவை இருப்பதில்லை. அதனால் பெல்ட் இடுப்பெலும்பிலிருந்து வழுக்கி வயிற்றின் மேல் ஏறுகிறது, அல்லது தலை முன்னிருக்கை வரை போகிறது.

இதனால் பின்னால் பெல்ட் போட்டுப் பயனில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெல்ட் இல்லாத பின்பயணி, முன்னிருப்பவரின் முதுகில் போய் விழும் ஒரு மூட்டைக்குச் சமம்.

சிறு குழந்தையைப் பிக்கப்பில் எப்படி உட்கார வைப்பது?

பின் இருக்கை உள்ள வண்டியில், குழந்தை இருக்கையைப் பின் இருக்கையில்தான் பொருத்த வேண்டும். பின்னோக்கிய குழந்தை இருக்கையை, இயங்கும் ஏர்பேக்கின் எதிரே ஒருபோதும் வைக்கக் கூடாது. பின்னிருக்கையே இல்லாத சிங்கிள் கேபினில் வேறு வழியில்லை என்பதால்தான், அமெரிக்காவில் 1995 முதல் இத்தகைய வண்டிகளில் பயணி ஏர்பேக்கை அணைக்கும் சாவிச் சுவிட்சுக்கு அனுமதி தரப்பட்டது. பயணி ஏர்பேக் இருந்து சுவிட்சு இல்லாத சிங்கிள் கேபினில் பின்னோக்கிய இருக்கைக்கு இடமே கிடையாது.

காரில் இல்லாத ஒரு சிக்கலும் இங்கே உண்டு. முன்னோக்கிய குழந்தை இருக்கையின் உச்சியிலிருந்து வரும் மேல்பட்டையை மாட்ட, காரில் இருக்கைக்குப் பின்னால் கொக்கி இருக்கும். பிக்கப்பில் இருக்கைக்குப் பின்னால் உடனே கேபின் சுவரும் கண்ணாடியும் வந்துவிடும். ஆகவே பல மாடல்களில், இருக்கைக்குப் பின்னுள்ள துணி வளையத்தின் வழியாகப் பட்டையை நுழைத்து, பக்கத்து இருக்கைக்குரிய வளையத்தில் மாட்டச் சொல்வார்கள். ஷோரூமில் ஒருமுறை இதைக் காட்டச் சொன்னேன்; விற்பனையாளர் இருக்கை முதுகை மடக்கினார், வளையத்தைக் கண்டதும் “ஜாக்கி வைக்கிற பட்டை சார்” என்றார். கையேட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் தெளிந்தது. வண்டி எடுக்கும் அன்றே, உங்கள் குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

பிக்கப் எளிதில் கவிழுமா?

காரைவிட எளிதில் கவிழும். இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் நிலைத்தன்மைக்கு அளவு. கார்களுக்கு இது பெரும்பாலும் 1.3-க்கு மேல் இருக்கும், பிக்கப்களுக்கு 1.2-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது வழக்கம். இது காலி வண்டியின் கணக்கு. கேபின் உயரத்துக்கு வைக்கோலோ வாழைத்தாரோ ஏற்றினால் எடை மையமும் சேர்ந்து ஏறிவிடும். மறுபுறம் தொட்டி காலியாக இருக்கும்போது, லோடுக்காகச் செய்த விறைப்பான பட்டை வில் பின்பக்கத்தைத் துள்ளவிடும். மழைச்சாலையின் வளைவில் பின்சக்கரம் பிடி தளர்ந்து வண்டி சுழல்வது அதனால்தான். 2016-இல் ஸ்வீடனின் வாகன இதழ் ஒன்று, திடீரென்று குறுக்கே வரும் விலங்கைத் தவிர்ப்பது போல வளைத்துத் திருப்பும் சோதனையில் டொயோட்டா ஹைலக்ஸை ஓட்டியபோது, இரண்டு சக்கரங்கள் தரையை விட்டெழுந்தன.

இங்கே உதவுவது இ.எஸ்.சி எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. வண்டி வழுக்கத் தொடங்கியதுமே தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் பிடித்து நேராக்கும். அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து பிக்கப்களுக்கும் இது கட்டாயம். ஒரே ஒரு வசதிக்குத்தான் கூடுதல் பணம் தர முடியும் என்றால், சன்ரூஃபையும் பெரிய திரையையும் விட்டுவிட்டு இதற்குக் கொடுங்கள்.

கவிழ்ந்துவிட்டால் கூரை தாங்க வேண்டும். அமெரிக்கா 2009-இல் கூரை விதியை இறுக்கியபோது, மொத்த எடை 2,722 கிலோ வரையுள்ள வண்டிகளின் கூரை, காலி வண்டியின் எடையைப் போல மூன்று மடங்கைத் தாங்க வேண்டும் என்றது. அதற்கு மேல் 4,536 கிலோ வரையுள்ளவற்றுக்கு ஒன்றரை மடங்கு போதும் என்றது. பெரிய பிக்கப்கள் பல இந்த இரண்டாம் பிரிவில் வருகின்றன.

சீட் பெல்ட் பிக்கப்பில் அவ்வளவு முக்கியமா? உயரமான வண்டிதானே?

காரைவிடப் பிக்கப்பில் அதன் பலன் அதிகம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, முன்னிருக்கையில் பெல்ட் அணிவது மரண ஆபத்தைக் காரில் 45 சதவீதமும் பிக்கப் போன்ற இலகு டிரக்குகளில் 60 சதவீதமும் குறைக்கிறது. கவிழும் வண்டியிலிருந்து தூக்கியெறியப்படுவதுதான் பெரிய கொலையாளி. பெல்ட் அதைத் தடுக்கிறது. ஆனால் அந்நாட்டில் பெல்ட் அணிவதில் பின்தங்கியிருப்பவர்களும் பிக்கப் ஓட்டுநர்களே. வண்டி பெரியது என்ற தைரியம்தான்.

நம் பக்கம், எச்சரிக்கை ஒலியை ஏமாற்றக் கொக்கியில் செருகிவிடும் வெறும் கிளிப் ஒன்று பிரபலமாக இருந்தது. 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களிலிருந்து அதை நீக்க உத்தரவிட்டது. வண்டியில் இன்னும் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பின் தொட்டியில் ஆட்கள் உட்கார்ந்து போகலாமா?

கூடாது. குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தொட்டியில் பாய் விரித்துப் போன தலைமுறை நாம். நானும் அப்படிப் போய், காற்றில் தலைமுடி பறக்கச் சிரித்தவன்தான். ஆனால் தொட்டி என்பது சரக்குக்கான இடம். அங்கே பெல்ட் இல்லை, கூரை இல்லை, பிடிப்பதற்குத் தொட்டியின் விளிம்பைத் தவிர வேறில்லை. கேபினில் இருப்பவர் சிராய்ப்போடு தப்பும் ஒரு சாதாரணக் கவிழ்வில்கூடத் தொட்டியில் இருப்பவர் வெளியே வீசப்பட்டு, பிறகு அதே வண்டியின் அடியில் சிக்குகிறார். தொட்டியில் பெஞ்சை வெல்டிங் செய்வது நிலைமையை இன்னும் மோசமாக்கும். உட்கார்ந்தவரின் தலை விளிம்புக்கு மேலே உயர்ந்துவிடும்.

வெளிநாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் இதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஹவாயில் கேபினில் இடமில்லாதபோது, பின்கதவை மூடித் தரையில் உட்கார்ந்தபடி பெரியவர்கள் போகலாம். 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் போகக் கூடாது.

இந்தியாவில் இதற்குப் பணத்தைப் பொறுத்த இன்னொரு பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தத்தின்படி, சரக்கு வாகனத்தின் கட்டாயக் காப்பீடு சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோதான் பொருந்தும். சும்மா ஏறிவந்த பயணிக்கு அது கிடையாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சில வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கட்டிவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளிக்கின்றன. எப்படியானாலும் கடைசியில் கணக்கு வருவது உரிமையாளரின் வீட்டு வாசலுக்குத்தான்.

லோடு சரியாகக் கட்டாவிட்டால் கேபினில் இருப்பவருக்கு ஆபத்தா?

ஆம். மேலே சொன்ன 16 மடங்கு கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள்: 100 கிலோ எடையுள்ள தண்ணீர் மோட்டார் ஒன்று, அந்தக் கணத்தில் ஒன்றரை டன்னுக்கும் மேற்பட்ட விசையோடு கேபினின் பின்சுவரை இடிக்கும். அந்தச் சுவர் மெல்லிய தகடும் கண்ணாடியும்தான். கனமானவற்றைத் தொட்டியின் முன்சுவரை ஒட்டி, இடைவெளி இல்லாமல், தாழ்வாக வையுங்கள். தார்ப்பாய்க் கயிறு மழைக்கும் காற்றுக்கும் ஆனது. கனத்துக்கு, நெம்பி இறுக்கிப் பூட்டும் ராட்செட் பெல்ட் வேண்டும். கம்பியும் குழாயும் ஏற்றுகிறவர்கள் கேபினுக்குப் பின்னால் இரும்புத் தடுப்புச் சட்டம் இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

பம்பர் கார்டு போட்டால் கூடுதல் பாதுகாப்புதானே?

இல்லை. சேசிஸில் நேரடியாக போல்ட் போட்ட இரும்புக் கார்டு, மடங்க வேண்டிய முனையை மடங்கவிடாமல் அடியை நேராகக் கேபினுக்குக் கடத்துகிறது. ஏர்பேக்கை எப்போது விரிப்பது என்று கணிக்கும் சென்சாரையும் குழப்புகிறது. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு அறிவுறுத்திவிட்டது.

பழைய பிக்கப் வாங்கும்போது பாதுகாப்புக்காக எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் அடியில் படுத்துச் சேசிஸைப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய வண்டியில் உப்புக்காற்று உத்திரத்தை உள்ளிருந்தே தின்றிருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று ஒலிக்கும். முன்முனைகளில் புது வெல்டிங்கோ, ஓரிடத்தில் மட்டும் புதுக் கறுப்பு பெயிண்டோ இருந்தால், வண்டி ஒருமுறை மடங்கி நிமிர்த்தப்பட்டது என்று கொள்ளுங்கள். அந்த முனை இரண்டாம் முறை சரியாக மடங்காது. எல்லா பெல்ட்டுகளையும் முழுவதும் இழுத்து, நாடாவில் நூல் பிரிந்திருக்கிறதா, உருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டென்று சுண்டினால் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும்.

பிறகு சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல், மீட்டரில் ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சில நொடிகள் எரிந்து அணைந்தால் சரி. அணையாமல் எரிந்தால் பழுது. விளக்கே எரியவில்லை என்றால் பழுது இல்லை என்று மகிழ வேண்டாம். விரிந்துபோன ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் யாரோ பிடுங்கியிருக்கக்கூடும்.